உட்கார்ந்து தோற்ற ஆட்டங்கள்

என் அக்காளின் கணவர் ஏறக்குறைய ஒரு வருடம் நின்றுகொண்டே சீட்டு விளையாடினார். கூட விளையாடிய எங்கள் மூன்று பேருக்கும் அது வேடிக்கையாக இருந்ததே தவிர, ஒரு மனிதர் ஏன் உட்காரவே மாட்டேன் என்கிறார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும் டாக்டரிடம் பேசியதையும் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவன் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளறடைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் அத்தானுக்கு ரப்பர் மரங்கள் நின்ற ஒரு விளை இருந்தது. விடியும்போது வெட்டு, எட்டு ஒன்பது மணிக்குப் பால் எடுப்பு, மதியத்துக்குள் பாலை உறையவைத்து, ரோலரில் ஷீட்டாக அடித்துக் கொடியில் போட்டாகிவிடும். அதற்கப்புறம் ஷெட்டில் ரோலர் இரண்டும் சும்மா நிற்கும். கழுவிவிட்ட சிமெண்டுத் தரை குளுகுளுவென்று கிடக்கும். இரண்டு மணிக்கு நாங்கள் நான்கு பேர் அங்கே பாய் விரிப்போம். நான் பாறசாலைப் பக்கம் பாரலல் காலேஜ் என்கிற ஒரு டியூட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலையிலும் சாயங்காலமும்தான் வகுப்பு. நடுவில் கிடைக்கும் நேரத்தை நான் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று என் அக்காளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆட்டம் இருபத்தெட்டு. எதிரெதிரே உட்காரும் இரண்டு பேர் ஒரு கட்சி. அத்தானும் நானும் ஒன்று. எதிர்க்கட்சியில் ஒருவர் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர். இன்னொருவர் பூவார்க் கடற்கரையிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவர். மதியத்துக்குள் அலுமினியப் பாத்திரம் காலியாகிவிடும், திரும்பிப் போகும் வழியில் எங்கள் ஷெட் அவருக்குச் சத்திரம். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்புக் கிடையாது. குலான் என்று நாங்கள் சொல்லும் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு அடுத்தது ஒன்பது. ஒன்பதை இறக்கி எதிராளியின் குலானிடம் பறிகொடுப்பது பெரிய அவமானம்.

அதைவிடப் பெரிய அவமானம் குணுக்கு. தொடர்ந்து தோற்ற கட்சி இரண்டு பேரும் காதில் தொங்கட்டான் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் பலாவிலையைச் சுருட்டி மாட்டுவார்கள், கண்ணில் பட்ட எதையாவது தொங்கவிடுவார்கள். எங்கள் ஷெட்டில் ரப்பர் கொட்டை. ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டில் கோத்து, காதில் மாட்டிவிடுவோம். மறுபடி ஜெயித்தால்தான் கழற்றலாம். அதுவரை எங்கே போனாலும் அது கூடவே வரும். பட்டாளக்காரர் தன் மருமகளின் வளைகாப்புக்கு இரண்டு கொட்டையோடு போய் உட்கார்ந்திருக்கிறார். மீன்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அப்படியே போனார். சாமியார் பார்த்தும் பார்க்காததுபோல நாக்கில் நன்மை அப்பத்தை வைத்தாராம்.

அத்தானுக்கு ஒருமுறை கடுங்காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து விளையாடினார், தோற்றார். கண் சிவந்து நடுங்கிக்கொண்டிருந்த மனிதரின் காதைப் பிடித்து இழுத்துப் பட்டாளக்காரர் கொட்டையை மாட்டினார்.

"காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு வே. தோத்ததுக்கு இதாக்கும் மருந்து."

அத்தான் அதற்குச் சிரித்தார். அவரும் அப்படித்தான், இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. இருபது வருடப் பழக்கத்தில் யாரும் யாருக்கும் ஒரு சீட்டைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

இப்படிப்பட்ட சபையில்தான் அத்தான் ஒருநாள் பாயை விட்டு எழுந்து நின்றார். மலத்தில் ரத்தம் போகிறது, உட்கார்ந்தால் முள்மேல் இருப்பதுபோல இருக்கிறது என்றார். நாங்கள் மூவரும் ஒரே குரலில் "மூலம்" என்றோம். எங்கள் ஊரில் நாற்பது தாண்டிய ஆணுக்கு மூலம் இருப்பது மீசை இருப்பது மாதிரி, யாரும் வெட்கப்படுவதில்லை. ஆளுக்கொரு மருந்தும் உண்டு. பட்டாளக்காரர் சேனைக்கிழங்கை மோரில் வேகவைக்கச் சொன்னார். மீன்காரர் திருப்புறத்தில் ஒரு வைத்தியரின் லேகியத்தைக் கொண்டுவந்தார். நான் என்ன குறைச்சலா? படித்தவன் என்ற மிடுக்கில் துத்திக்கீரை என்றேன். காரம் கூடாது என்று அக்காள் மிளகாயை நிறுத்தினாள். அத்தான் கீரையும் கிழங்குமாகத் தின்று, ரோலரின் மேல் சீட்டைப் பரப்பி, எத்தனை புள்ளி எடுப்போம் என்று நின்றபடியே விளி கேட்டு விளையாடினார். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கக்கூஸுக்கு ஓடுவார். போனால் ஒன்றும் இருக்காது, திரும்பி வருவார். அந்த இடைவெளியில் நாங்கள் அவருடைய சீட்டை எட்டிப் பார்ப்போம்.

ஒருநாள் அவருடைய வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. நான் சிரித்தேன். அக்காள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் என்னை வகுப்புக்குப் போகவிடாமல், அத்தானை நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

அங்கே ஒரு இளம் டாக்டர். கேள்வி இரண்டே இரண்டு கேட்டார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு அத்தானைச் சரிந்து படுக்கச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அத்தானின் குரல், பாறசாலை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே வந்தவர் என்னை முறைத்தார்.

"எலே மக்கா, இதுக்காக்கும் என்னை பஸ்சில ஏத்திக் கொண்டுவந்தியா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போது டாக்டரின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மலையாளத்தில், "எத்ற நாளாயி?" என்று என்னிடம் கேட்டார். ஒரு வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை, கொஞ்ச நாள் என்றேன். ஒரு விரல் நீளம்கூட உள்ளே போகத் தேவையிருக்கவில்லை அவருக்கு, கட்டி அங்கேயே இருந்தது. ஒரு வருடமாக நாங்கள் கீரை போட்டு வளர்த்த கட்டி.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று என்று வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் மூன்று நான்கு இடத்தில் பரவியிருப்பதாக அதில் தெரிந்தது. அத்தானை வெளியே பெஞ்சு ஓரமாக நிற்க வைத்துவிட்டு, அக்காளையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. நோய் யாருக்கோ, செய்தி வேறு யாருக்கோ.

உள்ளே இரண்டு டாக்டர்கள். இளையவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஈரலுக்குப் போய்விட்ட பிறகு கீழே உள்ளதைத் தொட்டு என்ன பிரயோஜனம், அடைத்துக்கொண்டால் அப்போது பார்க்கலாம் என்றார். அவர் மனிதத்தன்மை இல்லாமல் பேசவில்லை, உண்மையாகவே யோசித்துத்தான் பேசினார். மூத்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இவருக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை எந்த டாக்டரிடமிருந்தும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. குணமாக வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அக்காள் முந்திக்கொண்டாள்.

"அவருக்கு இருக்கணும் டாக்டரே. தரையில சம்மணம் போட்டு இருந்து சீட்டு விளையாடணும். வேற ஒண்ணும் அவரு கேக்கல்ல."

எங்கள் பேச்சில் இருப்பது என்றால் உட்காருவது. இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. ஈரலில் இருப்பது இப்போதைக்கு அவரைத் தொந்தரவு செய்யவில்லை என்றார். வலியும் ரத்தமும் கக்கூஸுக்கு ஓடுவதும் எல்லாம் கீழே இருக்கும் கட்டியின் வேலை. விட்டால் சீக்கிரமே வழியை அடைத்துவிடும். முதலில் கதிர்வீச்சு வைத்துச் சுருக்கலாம், பிறகு அறுத்து எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கத்தில் மலம் போக வழி செய்து பை மாட்டலாம். இதனால் ஆயுள் கூடும் என்று வாக்குத் தர மாட்டேன், இருக்கும் நாளை நன்றாக இருக்க வைக்க முயற்சி செய்கிறேன் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். மாதக்கணக்குத்தான், ஒரு வருடம் தாண்டினால் சந்தோஷப்படுங்கள் என்றார். அக்காள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வெளியே நிற்கிறவரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குக் கீழே அது மட்டும் தெரிந்தது.

அத்தானிடம் கட்டி என்று மட்டும் சொன்னோம். எடுத்தால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன், கூசாமல் சொன்னேன்.

அதற்குள் ஈரல் விஷயம் கேள்விப்பட்டுச் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அத்தான் ஷெட்டில் நிற்கும் நேரமாகப் பார்த்து அவருடைய அண்ணன் முற்றத்தில் நின்று, சீக்கில் கத்தி பட்டால் அது உடம்பெல்லாம் ஓடும் என்றார். பாறசாலையில் ஒருத்தருக்கும், பெருங்கடவிளையில் இரண்டு பேருக்கும் அப்படி ஆனதாம்.

"ஈரலுக்குப் போனதுக்குப் பொறவு அடியில அறுத்து என்னத்துக்கு? வயித்தில பையும் கெட்டிக்கிட்டு, நாலு பேரு முன்னால மானமா நடக்க முடியுமா?"

அக்காள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். என் அக்காள் மச்சினர் முன்னால் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"ஈரலு அவரை இப்பம் என்ன செய்யுது? ஒண்ணும் செய்யல்ல. அடியில கெடக்கதாக்கும் அவரை நிக்க வச்சிருக்கு. ஒரு வருசமா அவரு நின்னுகிட்டே சோறு தின்னுதாரு, கண்டியளா? பை எனக்க கையாலே நான் மாத்துவேன். நீங்க ஆரும் மோந்து பாக்க வராண்டாம்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கதிர் வைக்கத் தினமும் போய்வர வேண்டியிருந்தது. வெள்ளறடை பஸ்ஸில் நெய்யாற்றின்கரை, அங்கிருந்து திருவனந்தபுரம். முகம் வாடிய மனிதரைக் கண்டு யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அத்தான் கும்பிட்டு மறுப்பார். "நீங்க இருங்கோ, எனக்கு சீட்டு கையில இருந்தா போரும்" என்று பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துக் காட்டுவார். அவர்கள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துகொள்வார்கள். மூன்றாவது வாரத்தில் ரத்தம் நின்றது. நான்காவது வாரத்தில் பஸ்ஸில் ஒரு ஓரமாகச் சாய்ந்து, ஒரு பக்கத்து எலும்பில் மட்டும் பாரம் வைத்துப் பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரை உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது டில்லிக்குப் போய்வந்த ஆளைப்போல மீசையைத் தடவினார்.

பிறகு ஒரு மாதம் கழித்து ஆபரேஷன். அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. நான் பயந்தேன், கான்டீனில் மூன்று தோசைக்குச் சொல்லிவிட்டு ஒன்றையும் தொடவில்லை. கட்டி வெளியே வந்துவிட்டது, அவரும் பிழைத்துக்கொண்டார், அவ்வளவு போதும்.

பையோடு பழக ஒரு மாதம் ஆயிற்று. முதல் வாரம் அத்தான் தன் வயிற்றையே பார்க்க மறுத்தார். வார்டில் நர்ஸ் ஒருத்தி அக்காளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அக்காள் அதைக் கற்றுக்கொண்ட வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பழைய உள்பாவாடைத் துணியில் பெல்ட் தைத்தாள், பை அசையாமல் நிற்க அதில் ஒரு உறை வைத்தாள், ரப்பர் ஷீட்டை வெட்டிச் சுற்றிலும் பட்டை போட்டுப் பார்த்தாள், அது அரிக்கிறது என்று அவர் சொன்னதும் பிய்த்துவிட்டாள். புண் ஆறுவதற்குள் அவளே பாதி டாக்டராகிவிட்டாள். உட்காரும் இடத்தில் தையல் இன்னும் நோகிறதே என்று, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து டயருக்குள் போடும் டியூப் ஒன்று வாங்கி, பாதி காற்று அடித்து, துணி சுற்றி வைத்தாள்.

ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு அந்த டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தான் ஷெட்டுக்கு வந்தார். பாயில் தன் பழைய இடத்தில் அதைப் போட்டார். என் தோளைப் பிடித்து மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். காலை மடக்கிச் சம்மணம் போட்டார். மீன்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நம்ம மரத்துப் பாலாக்கும் இந்த டியூபு," என்றார். "சீட்டைப் போடுலே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க வேண்டும் என்று சீட்டைக் கலைத்தேன், பாதி தரையில் சிதறியது. ஒரு மனிதர் தரையில் உட்காருவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

பைக்கு ஒரு குணம் உண்டு. நினைத்த நேரத்தில் சத்தம் போடும். முதல் நாளே, பட்டாளக்காரர் ஆழ்ந்து யோசித்து விளி கேட்கப் போகும் நேரத்தில் அது கூப்பிட்டது. அத்தான் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பதினெட்டுன்னு கேக்குது. உமக்கு தைரியம் உண்டுன்னா பத்தொம்பது கேளும்."

மீன்காரர் சிரித்துச் சிரித்துப் பாயில் புரண்டார். அதன்பிறகு பையும் ஐந்தாவது ஆளாகச் சபையில் சேர்ந்துகொண்டது. கக்கூஸுக்கு ஓடுவதும் நின்றது. "இப்பம் நான் எழும்பவே வேண்டாம், உங்களுக்காக்கும் எழும்பணும்" என்று எங்களைக் கேலி செய்தார்.

அந்தச் சந்தோஷத்துக்கு முன்னாலேயே நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். அத்தான் உட்கார வந்ததற்கு முந்தின நாள், பட்டாளக்காரரையும் மீன்காரரையும் ரோட்டோரம் கூப்பிட்டு நிறுத்தி ஈரல் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மீன்காரர் "என் மாதாவே" என்று மொபெட்டின் ஹாண்டில்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"இனி அவரைத் தோக்கடிக்காண்டாம்," என்றேன். "இருக்கது வரைக்கும் ஜெயிச்சிட்டுப் போகட்டு. காதில அதை மாட்டாதீங்கோ."

"அது செரியா மக்கா?" என்று மீன்காரர் இழுத்தார். பட்டாளக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு, "செரி, உத்தரவு" என்றார்.

அதிலிருந்து ஜெயித்தோம். நாங்கள் ஜெயித்தது மாதிரி அந்த ஷெட்டில் யாருமே ஜெயித்திருக்க மாட்டார்கள். பதினாலில் நிற்க வேண்டிய சீட்டை வைத்துக்கொண்டு இருபது கேட்டாலும் ஜெயம். எதிர்க்கட்சி இரண்டு பேருக்கும் காதில் மூன்று மூன்று கொட்டை தொங்கியது. முதல் வாரம் அத்தான் குஷியாக இருந்தார். இரண்டாம் வாரம் சீட்டை மெதுவாகப் போட்டார். மூன்றாம் வாரம் பேச்சே இல்லை, எங்கள் முகங்களைப் பார்த்தபடி விளையாடினார். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான்தான் ஜெயிக்கிற மயக்கத்தில் இருந்தேனே.

அன்றைக்கும் மதியம்தான். அத்தானின் முறை. கையில் நல்ல சீட்டு இருக்கும்போது அவர் ஸ்பேட் ஒன்பதைத் தரையில் இறக்கினார். ஸ்பேட் குலான் அதுவரை வெளியே வரவில்லை. குலான் எங்கே என்று தெரியாமல் ஒன்பதை இறக்குவது, எங்கள் ஷெட்டில் சின்னப் பிள்ளைகூடச் செய்யாத காரியம். நான் அதிர்ந்துபோய் நிமிர்ந்தேன். அடுத்தது பட்டாளக்காரர். அவர் ஒரு நிமிடம் தாமதித்தார். பிறகு ஒன்றுக்கும் உதவாத ஸ்பேட் ஏழைப் போட்டார்.

அத்தான் அந்த ஏழைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டி, பட்டாளக்காரரின் கையிலிருந்த மிச்சச் சீட்டை வாங்கித் தரையில் மலர்த்தி வைத்தார். நடுவில் ஸ்பேட் குலான், மீசையை முறுக்கிக்கொண்டு படுத்திருந்தது.

கொடியில் தொங்கும் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலில விறைச்சுக்கிட்டு இருந்தப்பம் எனக்க காதைப் பிடிச்சுத் திருவினவராக்கும் நீரு," என்றார் அத்தான், பட்டாளக்காரரிடம். சத்தமில்லாமல்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தற மாசம் மக்கா?"

"என்னது அத்தான்?"

"டாக்டரும் சொல்லல்ல, ஒனக்க அக்காளும் சொல்லல்ல. இவனுவ ஏழைப் போட்டுச் சொல்லியாச்சு. எத்தற மாசம்?"

நான் சொல்லிவிட்டேன். ஈரலைச் சொன்னேன், ஒரு வருடம் என்றதைச் சொன்னேன், அதில் நான்கைந்து மாதம் போய்விட்டது என்பதை அவரே கணக்குப் பார்த்துக்கொண்டார். மீன்காரர் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் அழவில்லை. டியூபில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பம் ஈரலை விட்டுப்போட்டு அடியில உள்ளதை எதுக்கு எடுத்தாங்க?"

"நீங்க இஞ்ச வந்து இருக்கதுக்காக்கும் அத்தான். அக்கா அதாக்கும் டாக்டருகிட்ட கேட்டா."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்காள் அங்கே பையைக் கழுவி வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"இருக்க வச்சது அவ," என்றார். "இருந்ததுக்குப் பொறவு என்னைத் தோக்கவும் விடணும்லா? பொய்க்கு ஜெயிக்கதுக்கா இந்த வயித்தை அறுத்தது? நான் நின்னுகிட்டு விளையாடினப்பம் எனக்கு இதைவிட மரியாதை இருந்துது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் பட்டாளக்காரரின் காதிலிருந்த மூன்றையும், மீன்காரரின் காதிலிருந்த மூன்றையும் தன் கையாலேயே கழற்றிப் பாயில் வைத்தார். சீட்டைக் கலைத்து முதலிலிருந்து போட்டார்.

அன்றைக்கு நாங்கள் தோற்றோம். சுத்தமாகத் தோற்றோம். பட்டாளக்காரர் குலானை ஓங்கித் தரையில் அறைந்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் கை தயங்கவில்லை. அத்தான் காதை நீட்டிக் கொடுத்தார். அந்தக் கொட்டையோடேயே அடுத்த வாரம் திருவனந்தபுரத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போனார். மூத்த டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அது என்ன என்று கேட்டார்.

"தோத்ததாக்கும்," என்றார் அத்தான் பெருமையாக. "இருந்து தோத்தது."

டாக்டர் எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்கப்புறம் எட்டு மாதம். ஜெயித்தோம், தோற்றோம், பெரும்பாலும் தோற்றோம், ஏனென்றால் என் விளையாட்டு எப்போதும் சுமார்தான். அடியில் வலி திரும்பி வரவில்லை. கடைசியில் ஈரல்தான் தன் வேலையைக் காட்டியது, கண் மஞ்சளாகி, கால் வீங்கி, சோறு இறங்காமல் ஆனது. கடைசியாக ஷெட்டுக்கு வந்த அன்று நாங்கள் ஆளுக்கு இரண்டு கொட்டை வாங்கினோம். மறுநாள் அவரால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பட்டாளக்காரர் வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, மெதுவாக அவர் காதின் பக்கம் கையைக் கொண்டுபோனார். அத்தான் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஜெயிச்சிட்டு எடுக்கேன்."

ஐந்தாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். குளிப்பாட்டுகிற நேரத்தில் அவருடைய அண்ணன் காதைப் பார்த்து முகம் சுளித்து, இதென்ன கோலம், கழற்றுங்கள் என்றார். யாரோ கை நீட்டினார்கள். அக்காள் அதுவரை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தவள், எழுந்து வந்து அவர் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டு," என்றாள். "அவரு இருந்து விளையாடி வாங்கினது."

முற்றத்தில் பட்டாளக்காரரும் மீன்காரரும் நின்றார்கள். நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். என் காதிலும் இரண்டு கொட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நான் கழற்றவில்லை.